அண்டை நிறத்தின் ஆற்றல்

அரக்கு நிறம் தமிழர்களின் கண்ணுக்குப் பழகிய நிறம். திருமணத்திற்கு எடுக்கப்படும் கூறைப்புடவைகளில் பல இந்நிறத்தவை. பட்டுப்புடவைக் கடையில் 'அரக்குப் பட்டு' என்று கேட்டால் போதும். கடைக்காரர் மறுகேள்வி கேட்கமாட்டார். அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினே அரக்கு. அதைக் கழுவும்போது கிடைக்கும் செஞ்சாயம் பழங்காலம் முதல் துணிகளுக்கு நிறமேற்றப் பயன்பட்டது. சிவப்பு நன்கு ஆழ்ந்து, கருமை கூடி, ஊதாவின் சாயலும் சிறிது கலந்தால் அரக்கு நிறம் பிறக்கிறது. பிரான்ஸ் நாட்டின் பர்கண்டி வட்டாரத்துச் சிவப்புத் திராட்சை மதுவின் நிறமும் ஏறத்தாழ இதுவே. அதனால் ஆங்கிலத்தில் இந்நிறம் 'பர்கண்டி' எனப் பெயர் பெற்றது.

உடையில் இவ்வளவு எடுப்பாகத் தெரியும் இந்நிறம், அறைகலனில் அமையும்போது பல குடும்பங்களுக்குச் சிக்கலாகிவிடுகிறது. சிங்கப்பூர்வாசிகளில் முக்கால் பங்கிற்கும் மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் வாழ்கின்றனர். மூவறை வீடு ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 60 முதல் 65 சதுர மீட்டர். அத்தகைய வீட்டின் வரவேற்பறையில் மிகப் பெரிய பொருள் பெரும்பாலும் சோபாவாகத்தான் இருக்கும். அது அரக்கு நிறத் தோலால் ஆனதென்றால், உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது அதுவே. வீடு மாறும்போதோ சுவருக்குப் புதிதாகச் சாயம் பூசும்போதோ, "அறை இருட்டாக இருக்கிறது", "சோபா பழையதாகிவிட்டது" என்ற பேச்சு எழுகிறது. உறுதியான சட்டமும் கிழியாத தோலும் கொண்ட இருக்கைகூட இதனால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறது.

குறை உண்மையிலேயே சோபாவில்தான் இருக்கிறதா? இதே போன்ற ஒரு கேள்விக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நெசவாலையில் விடை கிடைத்தது.

நெசவாலையில் எழுந்த புகார்

பாரிஸ் நகரில் கோப்லான் என்னும் புகழ்பெற்ற நெசவாலை உள்ளது. சுவர்களில் தொங்கவிடப்படும் பெரிய சித்திரத் திரைகள் அங்கு நெய்யப்பட்டன. மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்னும் வேதியியல் அறிஞர் 1824ஆம் ஆண்டில் அந்த ஆலையின் சாயப் பிரிவுக்குத் தலைமையேற்றார். அவரிடம் ஒரு புகார் வந்தது. நீலம், ஊதா ஆகிய நிறங்களின் நிழற்பகுதிகளுக்காக நெய்யப்பட்ட கருப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்பதே அப்புகார். சாயம் தரமற்றது என்று எல்லாரும் எண்ணினர்.

ஷெவ்ரல் அந்த நூலைப் பிற ஆலைகளின் கருப்பு நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் எந்தக் குறையும் இல்லை. அதே நூலைத் தனியே வைத்தபோது நல்ல கருப்பாகவே தெரிந்தது. நீலத்தின் அருகில் வைத்தபோது மட்டும் அதன் கருமை குன்றியது. குறை நூலில் இல்லை; அருகில் இருந்த நிறமே அதன் தோற்றத்தை மாற்றியது என்பதை அவர் உணர்ந்தார். பல ஆண்டுகள் ஆய்வு செய்து, இதனை ஒரு விதியாக வகுத்து 1839ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இரண்டு நிறங்கள் அருகருகே இருக்கும்போது, ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தன்னிடமிருந்து முடிந்த அளவு வேறுபட்டதாகக் காட்டும் என்பதே அவ்விதியின் சாரம்.

அரக்கு நிறச் சோபாவுக்கும் இவ்விதி பொருந்தும். அது தனியே எப்படி இருக்கிறது என்பது ஒன்று. அதன் பின்னால் உள்ள சுவரோடு சேரும்போது எப்படித் தெரிகிறது என்பது வேறொன்று.

கண் செய்யும் வேலை

இந்த மாற்றம் சுவரில் நிகழ்வதில்லை. கண்ணிலும் மூளையிலும் நிகழ்கிறது. இதனை எளிய சோதனையால் அறியலாம். வெள்ளைத் தாளின் நடுவில் சிவப்புத் தாள் துண்டு ஒன்றை ஒட்டி, அரை நிமிடம் அதையே உற்றுப் பார்க்கவேண்டும். பிறகு பார்வையை வெறும் வெள்ளைத் தாளுக்குத் திருப்பினால், அங்கு நீலம் கலந்த பச்சை நிறத் துண்டு ஒன்று மிதப்பதுபோல் தோன்றும். விழித்திரையில் நிறங்களை அறியும் கூம்பு அணுக்கள் மூன்று வகைப்படும். சிவப்பை நெடுநேரம் பார்த்தால் அதற்குரிய அணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. அதனால், மற்ற இரு வகை அணுக்கள் அனுப்பும் செய்தியே மேலோங்கி, இல்லாத பச்சை இருப்பதுபோல் தெரிகிறது. இவ்வாறு தோன்றும் நிறத்தை எதிர் நிறம் என்பர்.

நீண்ட நேரம் உற்றுப் பார்க்காதபோதும், அருகருகே உள்ள நிறங்களை மூளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே, அரக்கு நிறச் சோபாவுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுவர் இருந்தால், அச்சாம்பல் மெல்லிய பச்சைச் சாயல் பெற்றுச் சோகையாகத் தெரியும். சாயக் கடையின் அட்டையில் அழகாகத் தெரிந்த சாம்பல், வீட்டுச் சுவரில் ஏறியதும் ஏன் மாறிப்போனது என்று பலர் குழம்புவது இதனால்தான். கடைக்காரர் தவறான சாயத்தைத் தந்துவிடவில்லை. அட்டைக்கு அருகில் சோபா இல்லை. சுவருக்கு அருகில் இருக்கிறது. அவ்வளவுதான்.

எதிர் நிறத்தின் இயல்பை மருத்துவத்துறையும் பயன்படுத்திக்கொண்டது. முன்பு அறுவை அறைகளின் சுவர்களும் துணிகளும் வெள்ளையாக இருந்தன. குருதியின் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர், தலைநிமிர்ந்து வெள்ளையைப் பார்க்கும்போது கண் கூசியது. 1914ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரின் அறுவை மருத்துவர் ஹாரி ஷெர்மன், தம் அறுவை அறைக்குக் கீரைப் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்தார். சிவப்பைப் பார்த்துக் களைத்த கண்ணுக்குப் பச்சை ஓய்வு தந்தது. அரக்கு நிற இருக்கையின் அருகில் மங்கிய பச்சை ஏன் இதமாகத் தெரிகிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

மூன்று கேள்விகள்

ஒரு நிறத்தை அதன் பெயரால் மட்டும் அளவிட முடியாது. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு நிறத்திற்கும் மூன்று பண்புகள் உண்டு என்று விளக்கினார். அவற்றை மூன்று கேள்விகளாக மாற்றிக்கொள்ளலாம். அந்த நிறம் எந்த வகையைச் சேர்ந்தது? எவ்வளவு வெளிர்மையானது? எவ்வளவு செறிவானது?

அரக்கு நிறத்திடம் இக்கேள்விகளைக் கேட்டால், அது ஊதாவை நோக்கிச் சாய்ந்த சிவப்பு வகை என்பதும், வெளிர்மையில் மிகவும் தாழ்ந்தது என்பதும், செறிவில் நடுத்தரமானது என்பதும் விளங்கும். இவற்றுள் வெளிர்மையே அறைக்கு மிக முக்கியம். ஒரு பரப்பு தன்மீது விழும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதைச் சாய நிறுவனங்கள் 0 முதல் 100 வரையிலான எண்ணால் குறிக்கின்றன. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. அரக்கு நிறத்தின் எண் பெரும்பாலும் 10ஐத் தாண்டுவதில்லை. அதாவது, விழும் ஒளியின் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. சோபா விழுங்கும் ஒளியைச் சுவர் ஈடுகட்டவேண்டும். எனவே, சிறிய அறையில் சுவரின் எண் குறைந்தது 60 அளவிலாவது இருப்பது நல்லது.

இந்த அடிப்படையில் சுவருக்குப் பொருந்தும் நிறங்களை ஆராயலாம்.

முதலாவது, மஞ்சள் சாயல் கொண்ட வெளிர் நிறங்கள். பாலேடு, யானைத்தந்தம், அரைத்த சந்தனம் ஆகியவற்றின் நிறங்கள் இவ்வகையின. தூய வெள்ளை அரக்கு நிறத்தோடு கடுமையாக முரண்படும். இவை அவ்வாறு முரண்படாமல் அறைக்கு வெளிச்சம் தருகின்றன. சிறிய வீட்டிற்கு இவையே மிகப் பாதுகாப்பான தேர்வு.

இரண்டாவது, சாம்பல் கலந்த பச்சை. நிழலில் உலர்ந்த துளசி இலையின் நிறத்தைப் போன்றது இது. அரக்கு நிறத்தின் எதிர்ப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதால், சோபாவின் சிவப்பை மேலும் செழுமையாகக் காட்டும். ஆனால், கிளிப்பச்சை போன்ற செறிவான பச்சையைத் தவிர்க்கவேண்டும். செறிவு மிகுந்த இரண்டு எதிர் நிறங்கள் அருகருகே அமைந்தால், அவை சேரும் விளிம்பு அதிர்வதுபோல் தோன்றிக் கண்ணை உறுத்தும்.

மூன்றாவது, அரக்கு நிறத்தின் சொந்தக் குடும்பத்து நிறங்கள். சிவப்போடு வெண்மையும் சிறிது சாம்பலும் சேர்ந்தால் மங்கிய ரோஜா நிறம் கிடைக்கும். வகை ஒன்றாக இருப்பினும் வெளிர்மை பெரிதும் வேறுபடுவதால், சுவரும் சோபாவும் உறவினர்போல் ஒத்துப்போகும்.

நான்காவது, கருநீலம், கரும்பச்சை போன்ற ஆழ்ந்த நிறங்கள். பெரிய சன்னல்களும் உயர்ந்த கூரையும் உள்ள அறையில் இவை மிகுந்த எடுப்பைத் தரும். வெளிச்சம் குறைந்த சிறிய அறையிலோ, சோபாவும் சுவரும் சேர்ந்து ஒளியை விழுங்கிவிடும். அத்தகைய அறையில் இந்நிறங்களைத் தலையணை உறை, சிறு விரிப்பு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

எந்த நிறம் எவ்வளவு இடம்பெறவேண்டும் என்பதற்கு உள்ளலங்கார வல்லுநர்கள் எளிய கணக்கு ஒன்றைக் கையாள்கின்றனர். அறையில் காணப்படும் நிறங்களில் 60 விழுக்காடு முதன்மை நிறம். 30 விழுக்காடு துணை நிறம். 10 விழுக்காடு எடுப்பான நிறம். சுவர் முதன்மை நிறத்தையும், சோபாவும் திரைச்சீலையும் துணை நிறத்தையும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சிய 10 விழுக்காட்டுக்குக் கடுகு மஞ்சளோ மயில் நீலமோ பொருந்தும். பட்டு நெசவாளர்கள் இதைப் புடவையிலேயே செய்து காட்டியுள்ளனர். அகன்ற உடல் ஒரு நிறம். கரையும் முந்தானையும் இன்னொரு நிறம். இடையிடையே மின்னும் சரிகை சிறிதளவே. அரக்கு உடலுக்குக் கடுகு மஞ்சள் கரையையோ இலைப்பச்சைக் கரையையோ இணைத்த கைகளுக்கு நிறங்களின் அளவும் தெரிந்திருந்தது.

ஒளி மாறினால் நிறமும் மாறும்

அனுபவமுள்ள பெண்கள் புடவை எடுக்கும்போது, அதைக் கடைவாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பதுண்டு. கடை விளக்கில் தெரிந்த நிறம் வெளியில் வேறாகத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். சுவர் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவரும் இவ்வழக்கத்தைப் பின்பற்றலாம்.

வீட்டு விளக்குகளின் ஒளி நிறம் கெல்வின் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. 2700 கெல்வின் விளக்கு மஞ்சள் கலந்த ஒளியைத் தரும். அவ்வொளியில் அரக்கு நிறம் சிவந்து செழிக்கும். 6500 கெல்வின் விளக்கின் ஒளியில் நீலச் சாயல் மிகுதி. அதில் அதே அரக்கு நிறம் மங்கிப் பழுப்பை நெருங்கும். சோபா பழையதாகிவிட்டது என்று நினைக்கும் குடும்பம், முதலில் விளக்கை மாற்றிப் பார்க்கவேண்டும். சுவருக்குச் சாயம் பூசுவதைவிட அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

மாலை மங்கும் நேரத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த செக் நாட்டு அறிவியல் அறிஞர் யான் புர்கின்யே, பகலில் பளிச்சென்றிருந்த சிவப்புப் பூக்கள் அந்திப் பொழுதில் கருத்துப்போவதையும், அவற்றின் பச்சை இலைகள் அவ்வளவாகக் கருக்காமல் இருப்பதையும் கவனித்தார். ஒளி குறையும்போது விழித்திரையின் கூம்பு அணுக்கள் ஓய, கோல் அணுக்கள் பார்க்கும் பணியை ஏற்கின்றன. கோல் அணுக்களுக்குச் சிவப்பொளி ஏறக்குறையப் புலப்படுவதே இல்லை. எனவே, பகலில் அரக்கு நிறமாக இருந்த சோபா, விளக்கேற்றாத அந்தியில் வெறும் கருப்பு நிழலாகிவிடுகிறது.

ஒரு வீடு, ஒரு முடிவு

இக்கருத்துகள் எவ்வாறு பயன்படும் என்பதை அறிய, ஒரு மூவறை வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்குப் பாட்டியும் மகனும் மருமகளும் உயர்நிலைப்பள்ளியில் பயிலும் பேத்தியும் வாழ்கின்றனர். வரவேற்பறையில் அரக்கு நிறத் தோல் சோபா. தரை கரும்பழுப்பு நிறம். சுவர் சாம்பல் நிறம். கூரையில் 6500 கெல்வின் விளக்கு. சோபாவை வீசிவிடலாம் என்பது மகனின் எண்ணம். பாட்டி அதற்கு உடன்படவில்லை. அதன் உயரமும் கைப்பிடியும் அவருடைய முழங்காலுக்குப் பழகியவை. "எனக்கு இதுல உட்கார்ந்து எழுந்திரிக்கத் தெரியும்யா. புதுசு வந்தா நான்தான் தடுமாறணும்," என்பது அவர் கூறும் காரணம்.

பாட்டியின் சொல்லில் நியாயம் உண்டு. ஆனால், இப்போதைய அமைப்பிலும் அவருக்கு ஆபத்து உண்டு. முதுமையில் கண்வில்லை மஞ்சளாகி, ஒளியைக் குறைவாகவே உள்ளே விடுகிறது. கரும்பழுப்புத் தரையும் அரக்கு நிற இருக்கையும் வெளிர்மையில் ஏறத்தாழச் சமமானவை. இளம் கண்ணுக்கு அவை இரு வேறு நிறங்கள். முதிய கண்ணுக்கோ, குறிப்பாக அந்தியில், இருக்கையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெளிவாகத் தெரியாது. அடுத்தடுத்துள்ள பரப்புகளின் ஒளி திருப்பும் எண்கள் 30 அளவாவது வேறுபடவேண்டும் என்று பிரிட்டனின் கட்டட வழிகாட்டிகள் கூறுவது, பார்வை குறைந்தோரை எண்ணியே. ஆகவே, இந்த வீட்டில் நிறத் தேர்வு வெறும் அலங்காரச் செய்தியன்று. ஒருவர் விழாமல் உட்காருவதும் அதில் அடங்கியிருக்கிறது.

இதற்குத் தீர்வு காண்பது கடினமன்று. சாம்பல் சுவருக்குப் பாலேட்டு நிறம் பூசினால், சோபாவின் முதுகும் கைப்பிடிகளும் பின்னணியிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரியும். இருக்கையின் மேல் வெளிர் நிறத் துணியை விரித்து, நழுவாதவாறு செருகிவிட்டால், முன்விளிம்பு தரையிலிருந்து வேறுபடும். தரையில் வெளிர் நிறக் கம்பளம் விரிப்பதும் ஒரு வழிதான். ஆனால், அதன் ஓரம் முதியவரின் காலைத் தடுக்கக்கூடும். எனவே, துணியே சிறந்தது. மஞ்சள் ஒளி தரும் நின்ற விளக்கு ஒன்றைச் சோபாவின் அருகில் வைத்து, அந்தி சாயும் முன்பே ஏற்றிவிடவேண்டும்.

செலவையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சோபாவுக்குப் பின்னாலுள்ள சுவர் 4 மீட்டர் அகலமும் 2.6 மீட்டர் உயரமும் கொண்டதென்றால், அதன் பரப்பு 10.4 சதுர மீட்டர். இருமுறை பூசினால் 20.8 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சாயம் பொதுவாக 10 முதல் 12 சதுர மீட்டர் வரை பூசப் போதுமானது. ஆகவே, அச்சுவருக்கு ஏறத்தாழ 2 லிட்டர் தேவைப்படும். வாங்கும் முன், சிறு மாதிரிக் குப்பிச் சாயத்தைப் பெரிய அட்டையில் பூசி, சோபாவுக்குப் பின்னால் நிறுத்தவேண்டும். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை, இரவு விளக்கொளியில் ஒருமுறை பார்க்கவேண்டும். அந்த முடிவைப் பாட்டியின் கண்ணும் ஏற்கவேண்டும். பேத்தியின் கண் மட்டும் ஏற்றால் போதாது.

வீசும் முன் ஒரு சிந்தனை

சிங்கப்பூரில் மறுபயனீடு செய்யப்படாத குப்பை எரிக்கப்படுகிறது. எஞ்சும் சாம்பல் செமக்காவ் தீவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. 1999ஆம் ஆண்டில் செயல்படத் தொடங்கிய அக்குப்பை நிரப்புமிடமே நாட்டில் எஞ்சியுள்ள ஒரே நிரப்புமிடம். அது 2035ஆம் ஆண்டளவில் நிறைந்துவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. சோபா போன்ற பெரிய பொருள் ஒன்று வீட்டு வாசலைக் கடக்கும்போது, அது மறைந்துபோவதில்லை. வேறோர் இடத்தை நிரப்பச் செல்கிறது.

உடைந்த பொருளையும் பயனற்றுப்போன பொருளையும் மாற்றத்தான் வேண்டும். ஆனால், நிறம் பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்திற்காக நல்ல பொருளை வீசுவது, கோப்லான் ஆலையில் குறையற்ற நூலைப் பழித்ததற்கு ஒப்பாகும். அங்கு நூலை மாற்றியிருந்தாலும் புகார் தீர்ந்திருக்காது. புதிய நூலும் அதே நீலத்தின் அருகில் வெளிறித்தான் போயிருக்கும். வீட்டிலும் அவ்வாறே. ஒரு பொருளைக் குறை கூறும் முன், அதன் அண்டையில் எந்த நிறம் இருக்கிறது, அதன்மேல் எந்த ஒளி விழுகிறது, அதைப் பயன்படுத்துபவர் யார் என்று பார்க்கவேண்டும். இம்மூன்றையும் பார்த்த பிறகு எடுக்கும் முடிவு, பெரும்பாலும் 2 லிட்டர் சாயத்தோடும் ஒரு விளக்கோடும் முடிந்துவிடும்.